குளத்தில் இல்லாத முதலை

ஒரு காட்டில் ஒரு குளம், அந்தக் குளத்தில் ஒரு தவளை. குளத்தை மூடிச் சந்தை கட்டலாம் என்று காட்டு ஆபீசில் திட்டம் போட்டார்கள். திட்டம் எழுதுகிற வேலை நரிக்கு. குளத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், அவர்களுடைய ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த வெயிலில் யார் நடப்பது? வேறொரு குளத்துக்கு எழுதின அறிக்கையை நரி அப்படியே பார்த்து எழுதிவிட்டது.

ஆட்சேபணை சொல்வதற்கான கெடு முடிகிற அன்றைக்குத் தவளை மூச்சிரைக்க வந்து நின்றது. "குளத்தை மூடிடாதீங்க ஐயா. என் முட்டையெல்லாம் அங்கதான் கிடக்கு."

நரி காகிதத்தைப் புரட்டியது. "உன் பேரே இதுல இல்லையே. அங்க குடியிருக்கிறவங்க சொன்னாத்தான் ஆட்சேபணை. இருக்கிறது ஒரு முதலை, ரெண்டு நீர்நாய். அவ்வளவுதான்."

முதலையா? எருமை படுத்தால் முதுகு நனையாத குளம் அது. தவளையின் தொண்டை இரண்டு தரம் ஏறி இறங்கியது.

"ஆமாங்க ஐயா, முதலைக்குத்தான் ஆட்சேபணை. பெரிய உடம்பு, அதால நடந்து வர முடியலை. நீங்கதான் கரைக்கு வந்து கேட்டு எழுதிக்கணும்."

"யார்கிட்ட கதை விடுறே? அந்தக் குளத்துல முதலையே கிடையாது!"

தவளை தாவி மேசைமேல் உட்கார்ந்தது. "அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சாமி. போதும்."

பேனாவைத் தேடுகிற சாக்கில் நரி மேசைக்கு அடியில் குனிந்தது. மழை வந்து, முட்டையெல்லாம் தலைப்பிரட்டையாகி, வாலும் மறைந்தாயிற்று. பேனா இன்னும் கிடைக்கவில்லை. திட்டமும் மேசைமேல் அப்படியே கிடக்கிறது.