கடைசி பின்பால் மெஷின்

இடமும் வலமும் உள்ள பொத்தான்களை அழுத்தினால் இரும்புக் குண்டு துள்ளி ஓடும் பின்பால் மெஷின்களைச் செய்துவந்த ஜெயசீலன், பட்டறையை மூடப்போவதாகச் சொன்ன மறுநாளே, முன்பணம் கட்டி இரண்டு வருடங்களாகக் காத்திருந்தவர்கள் வந்துவிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு மெஷின்தான் முழுதாக இருந்தது. அவர்கள் எல்லோரும் அதில் ஆடிப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். லாட்ஜ் நடத்தும் மாசிலாமணி, கட்டிய பணத்துக்கு ஈடாக அதன் கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். மற்றவர்களும் கைவைத்தார்கள்.

"அப்படி இழுக்காதீங்க சார், ஸ்பிரிங் தெறிச்சிரும்," என்று ஜெயசீலன் ஸ்குரூடிரைவரை எடுத்தான். மணி, விளக்கு, குண்டு என்று ஒவ்வொன்றாகச் சேதமில்லாமல் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள்.

கடைசியாக வந்த ஃபுளோரா டீச்சருக்கு இரண்டு பொத்தான்கள்தான் மிஞ்சின.

"ஆக்சிடெண்ட்டுக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரருக்குக் ரெண்டு கையிலயும் ஒவ்வொரு விரல்தான் அசையுது. இந்த மெஷின்னா அவரே விளையாடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜெயசீலன் பொத்தான்களை நீட்டினான். டீச்சர் அவற்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இடது கைக்கு எது, வலது கைக்கு எது?" என்று கேட்டாள்.