கழண்ட கப்பு

"குழந்தை தலை நல்லா கீழ வந்துடுச்சு. உங்க வொய்ஃப் ஜோஸ்லின் முக்கி முக்கிக் களைச்சுட்டாங்க. இனிமே வேக்யூம் கப் வெச்சுதான் எடுக்கணும்," என்றார் நர்ஸ்.

பிரசவ அறை வாசலில் நின்ற ஸ்டீவ் பதறினான்.

"கப்பு வேணா சிஸ்டர். ஒரகடம் கார் கம்பெனில நானும் ஜோஸ்லினும் வேல பாக்குற லைன்ல கார் கண்ணாடியை அதுலதான் தூக்குறோம். பொங்கலுக்கு முந்தி கப்பு கழண்டுகினு கண்ணாடி சில்லு சில்லா பூடுச்சு. மிஷின் கோளாறுன்னு சூப்பர்வைசரா நாந்தான் ரிப்போர்ட் குடுத்தேன்."

நர்ஸ் உள்ளே போய்விட்டார். ஸ்டீவ் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. நர்ஸ் வெளியே வந்தார்.

"பொண்ணு. கப் வெச்சுதான் எடுத்தோம். ஜோஸ்லினே கையெழுத்து போட்டுட்டாங்க."

"அவளுக்கு பயமே இல்லியா?"

"கப்பு மேல தப்பில்லையாம். அன்னிக்கு உங்க லைன்ல கை தவறி வேக்யூம் சுவிட்சை ஆஃப் பண்ணதே அவங்கதானாம்."