கனமானதாகக் காட்டுங்கள்

"இதைவிடக் கனமா வேற இல்லையா, தம்பி?"

டோரதி அப்படிக் கேட்டதும் கடைக்காரர் ஷஃபீக் தலையைச் சொறிந்தார். ஜார்ஜ் டவுனில் அவரிடம் மரம் அறுக்கிற செயின்சா வாங்க வருகிறவர்கள் எல்லாரும் லேசானதைத்தான் கேட்பார்கள்.

மேசைமேல் ஏற்கெனவே மூன்று பிராண்டு கிடந்தன. ஒவ்வொன்றையும் ஷஃபீக் கல்யாணத் தரகர் மாதிரி புகழ்ந்திருந்தார். ஜெர்மன்காரன் தொட்டால் ஓடுவான். சுவீடன்காரன் பெட்ரோல் அதிகம் குடிக்க மாட்டான். ஜப்பான்காரனைப் பெண்களே ஒரு கையில் தூக்கலாம்.

டோரதி ஜெர்மன்காரனின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். நூல்கண்டிலிருந்து நூல் வருவது போல வந்தது. முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்தாள். சுவீடன்காரனும் அப்படித்தான். ஜப்பான்காரனை அவள் தொடவே இல்லை.

கைப்பையில் போன் அதிர்ந்தது. பீட்டர்தான். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிப் படகில் ஏறியதிலிருந்து விடாமல் கூப்பிடுகிறார். அவள் எடுக்கவில்லை.

பீட்டர் மரம் வெட்டுகிறவர். பட்டர்வொர்த் பக்கம் காற்றுமழையில் எந்த மரம் சாய்ந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். போன வருஷம் ஒரு பெரிய அங்சானா மரத்திலிருந்து விழுந்தார். வலது தோளில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். கண் திறக்காமல் கிடந்தார்.

டோரதி புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு ஓடினாள். இவர் எழுந்து வந்தால் இனிமேல் மெஷினைத் தொடவே மாட்டார் என்று நேர்ந்துகொண்டாள்.

மற்றவர்கள் மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள். தங்கள் தலைமுடியை நேர்ந்துகொள்வார்கள். இவள் புருஷன் கையை நேர்ந்துவிட்டாள், அதுவும் அவரைக் கேட்காமலே.

அவர் எழுந்து வந்தார். வந்ததும் மெஷின் எங்கே என்றார். விற்றுவிட்டதாகச் சொன்னாள். அன்று பிடித்தது சனி.

சாப்பாட்டில் மெஷின், ஜெபமாலையில் மெஷின். "நீதானே வித்தே? நீயே போய் வாங்கிட்டு வா" என்று அவர்கள் குடியிருக்கும் பாகான் டாலாம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். நேர்ச்சையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என் கையை அடகு வைக்க நீ யார் என்று கேட்பாரே.

கடைசியில்தான் இந்த யோசனை வந்தது. அந்தத் தோளால் இழுக்கவே முடியாத ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன? இழுத்துப் பார்த்து அவரே வைத்துவிடுவார். ஓடாத மெஷினைத் தொட்டதை அன்னம்மாள் குற்றமாக எடுக்க மாட்டாள்.

நல்ல யோசனைதான்.

ஷஃபீக் உள்ளே போய், காட்டு மரம் அறுக்கிற பெரிய மெஷினை இரண்டு கையாலும் சுமந்துவந்து தரையில் வைத்தார். டோரதி அதன் பிடியில் காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கயிறு ஒரு சாண் வந்தது. வெடுக்கென்று அவள் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது.

விரல் எரிந்தது. இதை இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாள். அழுகை முட்டியது.

"இதையே கொடுங்க."

"இதையா? யாரு அக்கா ஓட்டப் போறது?"

"எங்க வீட்டுக்காரர். பாகான் டாலாம் பீட்டர்."

மெஷினைத் தூக்கக் குனிந்த ஷஃபீக் அப்படியே நிமிர்ந்தார். கடைக்குள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, பீட்டர் அண்ணே போன வாரமே வந்தாரு."

வந்து, எல்லா பிராண்டையும் இழுத்துப் பார்த்தாராம். ஜெர்மன்காரன் வரவில்லை. சுவீடன்காரனும் வரவில்லை. ஜப்பான்காரனை இடது கையாலும் முயன்றாராம். அப்புறம் வியர்த்துப்போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"என் சம்சாரம் வந்து கேட்டா ஸ்டாக் ஹாபிஸ், தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடு, எதையும் கண்ணுல காட்டாதேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்கதான் அவங்கன்னு எனக்குத் தெரியல லா."

டோரதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படியானால் இந்த ஒரு வாரம் தெருவே கேட்கக் கத்தியதெல்லாம்? பாவி மனுஷன். முடியவில்லை என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

தான் மட்டும் என்ன சொல்லிவிட்டோம் என்று அடுத்து நினைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

"வாங்கிட்டியா?" என்றார் பீட்டர். குரலில் அதட்டல் இருந்தது. அதற்கு அடியில் இருந்த நடுக்கம் இன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டது.

நான்கு மெஷினும் அவள் முன்னால் பளபளத்துக்கொண்டு கிடந்தன.

"ஸ்டாக் இல்லையாம்ங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று நீளமாகக் கேட்டது. பிறகு அவர் ஆரம்பித்தார். இவனெல்லாம் எதற்குக் கடை வைத்திருக்கிறான், மெஷின் இல்லாத கடையில் ஈ ஓட்டுகிறானா என்று ஷஃபீக்கின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். போனுக்கு வெளியே வரை கேட்டது. ஷஃபீக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விழுந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டி டோரதி கேட்டதில்லை.

"பக்கத்துல இன்னொரு கடை இருக்கு. அங்க பாக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம், வேணாம்" என்றார் பீட்டர் அவசரமாக. "மழ வரப் போவுது. நீ சீக்கிரம் ஃபெர்ரி புடிச்சு வீட்டுக்கு வா."

"ஆமாங்க, இங்கயும் இருட்டிக்கிட்டுதான் வருது" என்றாள் டோரதி.

தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.