அரிக்கமேட்டில் விட்ட செருப்பு

வீராம்பட்டினத்திலேயே பிறந்தும், பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டை ஹேமலதா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பழைய செங்கல் சுவரைக் கண்டதும் கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செருப்பையும் கழற்றி விட்டாள்.

"கோயில் இல்லடி. ரோமாபுரிக் கப்பல் வந்த எடம்," என்று புருஷன் பாலகுரு சிரித்தார்.

சுற்றிவிட்டுத் திரும்பினால் செருப்பைக் காணோம். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. நேற்றுதான் போட்டாள், அதற்குள் குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. அங்கே இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

தேடிப் போனால், பக்கத்து ஆற்றங்கரையில் அதே செருப்பு ஜோடியாகக் கிடந்தது. பல வருஷம் நடந்ததுபோல் அடி தேய்ந்திருந்தது. உள்ளே, ஒவ்வொரு செருப்பிலும் ஆறு விரல்கள் பதிந்திருந்தன.

"வாணாம், உட்டுடு," என்றார் பாலகுரு.

அவள் காலை நுழைத்து நாலடி நடந்து பார்த்தாள்.

"அப்பாடா! இப்ப கடிக்கவே இல்லங்க."