படத்துக்குள் மாட்டிய தேதி

“அறிவிப்பைப் போட்டோ பிடிச்சு வெப்சைட்ல ஒட்டிட்டுப் போன புண்ணியவான் யாருய்யா?” என்று கத்தியது போனில் இருந்த வாசிப்புக் குரல். பார்வையில்லாத பொற்கொடிக்கு எழுத்தை வாசித்துச் சொல்வதுதான் அதன் பிழைப்பு; படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் அதால் வாசிக்க முடியாது. தையல் சங்கத்தில் சேரக் கடைசித் தேதி எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

“தேதி என் வயித்துக்குள்ளதான் இருக்கு,” என்றது படம். “வெளியே எடுத்துக் கொடுக்க வழியில்லை.”

“முழுசா வேண்டாம், ஒரே ஒரு வரி கொடு.”

“அரை எழுத்துகூடத் தேறாதுக்கா.”

வெப்சைட் பக்கத்தின் அடியிலிருந்து சங்கத்தின் போன் நம்பர் கூப்பிட்டது. “என்னை வாசி. என்னை எழுத்தாவே போட்டிருக்காங்க. நம்பர் மாறினப்பவும் மறக்காம மாத்தினாங்க.”

குரல் வாசித்தது. பொற்கொடி சங்கத்துக்குப் பேசினாள். இன்று மாலை ஐந்து மணிதான் கெடு! போனிலேயே அவள் பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

“நல்லா இருப்பே தாயி,” என்று நம்பரிடம் தழுதழுத்தது குரல். “உன்னைப் பார்த்துக்கிட்ட கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.”

பிறகு, முதலில் திட்டிய ஆளையே மறுபடி பிடித்துக்கொண்டது. “ஒட்டின மகராசா, அந்தக் கையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ. பொற்கொடி மாதிரி அடுத்து ஒருத்தி வர்றதுக்குள்ள இந்த அறிவிப்பை எழுத்தாப் போடு!”