எண்ணெய்ப் பதம்

சடசடப்பு அடங்கினால்தான் எண்ணெய் பதம். கரிசலாங்கண்ணிச் சாறு ஊற்றிய தேங்காயெண்ணெயோ வாணலியில் வெடித்துக்கொண்டே இருந்தது. செண்பகவல்லி அடுப்பைக் கூட்டினாள், கருகிவிடுமோ என்று குறைத்தாள், பொறுக்கமாட்டாமல் மறுபடி கூட்டினாள். "ஆச்சாக்கா?" என்று கூடத்திலிருந்து நவமணி நச்சரித்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியதில் தங்கைக்குப் புருவம்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் தலைக்கு எண்ணெய் வேண்டுமென்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இருடி, ஈரம் போகட்டும். அவசரப்பட்டா சிக்கு வாடை அடிக்கும்."

ஒருவழியாகச் சத்தம் நின்றது. முழுக்க ஆறும்வரைகூடப் பொறுக்காமல் வடிகட்டி, தங்கையைத் தன் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்தாள். உள்ளங்கை வழுக்கியது. எங்கோ பார்த்தபடி பரபரவென்று தேய்த்தாள். பழகிய கை பிடரியோடு நிற்கவில்லை. இல்லாத முடியை உருவிக்கொண்டு முதுகைத் தாண்டி இடுப்புவரை போய்விட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தாள். நைட்டியின் முதுகில் எண்ணெய் நீளமாக இறங்கியிருந்தது.

நவமணி திரும்பவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துக் கொடுத்தாள்.

"நுனிக்கு வைக்காம விட்டுட்டியேக்கா."