போதும்

தலையில் அடிபட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர், “இது நீரிழிவுல ஒரு வகை, சர்க்கரைல சேராது” என்றார். வீட்டார் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து என் இலையில் பாயசம் விழுவதில்லை.

மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, ‘போதும், தண்ணீரை வெளியே விடாதே’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல வேண்டும். அடிபட்டதிலிருந்து என் மூளை அதைச் சரியாகச் சொல்வதில்லை. நாளுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், எட்டும் சிறுநீராய்ப் போய்விடுகிறது. குடிக்காவிட்டால் காய்ந்துபோவேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மச்சினன் தவசீலனின் மகள் கல்யாணப் பந்தியில் பாயச வாளி வந்தது. தவசீலன் ஓடிவந்து என் இலைக்கு மேல் கையை நீட்டினான். “அத்தானுக்கு வேணாம்ப்பா, அவருக்கு சுகரு.”

“சுகர் இல்ல தவசீலா. நீரிழிவுதான், ஆனா இது வேற.”

“ரெண்டும் ஒண்ணுதான அத்தான்.”

பாயசம் தொலையட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஆறாவது முறையாக டம்ளரை நீட்டினேன். தவசீலன் டம்ளரின் வாயையும் உள்ளங்கையால் பொத்தினான்.

“போதும் அத்தான்.”

பக்கத்து இலையிலிருந்து என் மனைவி அற்புதம் அலுத்துக்கொண்டாள். “குடிச்சாத்தான போகும்? போதும்ங்க.”

தண்ணீர்க்காரரும் ஜக்கை நிமிர்த்திக்கொண்டார். “போதும் சார்.”

சுற்றியிருந்த எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்ல வேண்டிய என் மூளை மட்டும் வாயைத் திறக்கவில்லை.